அவ மிஷினும் என் மிஷினும்

இந்த பெஞ்சுல யாராச்சும் வராங்களா? இல்லையா, அப்ப உக்காந்துக்கிறேன். நீங்க நகர வேணாம், இந்த ஓரமே எனக்குப் போதும். ஓரத்துலயே இருந்து பழகிட்டேன்.

காலையிலேருந்து நீங்க ஃபிளாஸ்கைத் தூக்கிக்கிட்டு உள்ளயும் வெளியயும் நடக்குறதைப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். மாமியாரா? இடுப்பு எலும்பா? அதெல்லாம் சேர்ந்துரும், வயசானவங்களுக்குக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான். நான் உள்ள போறதில்ல. வந்ததுலேருந்து இந்த வார்டு கதவைத் தாண்டல. நர்சம்மாகூட கேட்டுச்சு, ஏம்மா, நீ பேஷண்டைப் பாக்க வந்தியா, கதவைப் பாக்க வந்தியான்னு. கேட்டா கேட்டுட்டுப் போவுது.

மூணாவது கட்டில்ல வலது கையைத் துணி சுத்தித் தூக்கிக் கட்டியிருக்காங்கல்ல, அதுதான் எங்க அக்கா. கோமளவல்லி. என் கூடப் பொறந்தவ, ஓரகத்தியும் அவதான். எங்கப்பா, ஒரே வீட்டு அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கு அக்கா தங்கச்சி ரெண்டு பேரையும் ஒரே பந்தல்ல கட்டிக் குடுத்துட்டார். அண்ணன் வைரக்கண்ணுவுக்கு அக்கா, தம்பி அடைக்கலத்துக்கு நான். ஊரே சொல்லுச்சு, அக்கா இருக்கிற வீட்டுக்குப் போறே தமயந்தி, உனக்கென்னடி குறைன்னு.

சொல்றவங்களுக்கு என்ன. மத்தவளுக்கெல்லாம் ஓரகத்தியோட சண்டைன்னா பொட்டியைத் தூக்கிக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போவா. நான் எங்க போறது? யாரைப் பத்திச் சொல்லி அழணுமோ அவளுக்கும் அதுதானே பொறந்த வீடு. அங்க வாயைத் திறந்தா எங்கம்மா, "அவ ஒனக்கு அக்காடி"ன்னு முடிச்சிரும். இங்க வாயைத் திறந்தா மாமியார், "அவ மூத்த மருமவ"ன்னு முடிச்சிரும். எந்தப் பக்கம் ஓடினாலும் எதுக்க அவதான் நிப்பா. சிரிக்காதீங்க, உங்களுக்கு வந்தா தெரியும்.

அவ கெட்டவன்னு நான் சொல்லல. கெட்டவளா இருந்திருந்தா நல்லாயிருந்திருக்கும், நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு நிம்மதியா படுத்திருப்பேன். அவ அப்படி வழியே விட மாட்டா. நான் கத்துனா அவ பேசாம இருப்பா. நான் சாப்பிடாமப் படுத்தா, தட்டுல சோத்தைப் போட்டுத் தலைமாட்டுல வச்சிட்டுப் போயிருவா. பாக்குறவங்க கண்ணுக்கு நான்தான் ராட்சசி.

சரி, விஷயத்துக்கு வரேன். எங்களுக்குப் பேராவூரணி பக்கம். புயல் அடிச்சு ஓய்ஞ்சப்புறம் தென்னை அத்தனையும் தலை முறிஞ்சு கிடக்குது, கரண்டு கம்பம் ஒண்ணுகூட நிக்கல. கரண்டு எப்ப வரும்னு கேட்டா, வரப்ப வரும்னாங்க. வீடு பழைய வீடு, நடுவுல ஒரு சுவர் எழுப்பி அந்தப் பாதி அண்ணனுக்கு, இந்தப் பாதி தம்பிக்கு. கொல்லை ஒண்ணுதான். போர் ஒண்ணுதான், மோட்டார் ஒண்ணுதான். மோட்டார் ஓடலைன்னா ரெண்டு வீட்டுக்கும் குடிக்கத் தண்ணி கிடையாது. மாடு வேற கத்துது.

அப்பதான் எங்கப்பா ரெண்டு ஜெனரேட்டர் வாங்கி அனுப்புனார். பெட்ரோல்ல ஓடுற சின்ன ஜெனரேட்டர், ஒரு ஆளு தள்ளிக்கிட்டுப் போயிரலாம், கயித்தைப் புடிச்சு இழுத்தா கிளம்பும். ஏன் ரெண்டுன்னு கேளுங்க. அவருக்கு எப்பவும் அப்படித்தான். பொங்கல் சீர்னாலும் ரெண்டு பானை, ரெண்டு கட்டுக் கரும்பு, ஒரே மாதிரி ரெண்டு புடவை. ஒருத்திக்குக் கொடுத்து ஒருத்திக்குக் கொடுக்கலைன்னு பேச்சு வந்துரக் கூடாது. அதனால ரெண்டு மிஷின். ஒரே கம்பெனி, ஒரே சிவப்புக் கலரு, ரெண்டுலயும் மஞ்சள் குங்குமம். பக்கத்துல வச்சா எது எதுன்னு எனக்கே தெரியாது. அதுக்காகவே என் மிஷின் கைப்பிடியில ஒரு நீலத் துணியைக் கட்டி வச்சேன்.

அவரு கொடுத்தது ஒருவகையில நல்லதாப் போச்சு. ஏன்னா ஒத்தை மிஷின்ல மோட்டாரைப் போட்டா அது உறுமிக்கிட்டே நிக்குது, கிளம்ப மாட்டேங்குது. ஓட ஆரம்பிச்சிட்டா ஒரு மிஷினே தாக்குப் பிடிக்கும், கிளப்பத்தான் ரெண்டு வேணும். ரெண்டையும் சேர்த்து ஓட்டுறதுக்குன்னே கடையில ஒரு பெட்டி கொடுத்திருந்தாங்க. அவ மிஷின்லேருந்து ஒரு வயரு, என் மிஷின்லேருந்து ஒரு வயரு, ரெண்டும் அந்தப் பெட்டிக்குப் போயி, அங்கேருந்து ஒண்ணா மோட்டாருக்குப் போவும். அவ மிஷின் அவ கொல்லைவாசல்ல, என் மிஷின் என் கொல்லைவாசல்ல. அவங்கவங்க மிஷினை அவங்கவங்கதான் கிளப்புவோம், அவங்கவங்கதான் நிறுத்துவோம். முதல் நாளே சொல்லிட்டேன், என் மிஷின்ல யாரும் கை வைக்கக் கூடாது, நானும் யாரு மிஷின்லயும் கை வைக்க மாட்டேன்னு. நியாயம்தானே?

ஆனா சேர்த்துப் போட்டா நிக்கல. மோட்டார் கிளம்பும், கொஞ்ச நேரத்துல மிஷின்ல இருக்கிற டிரிப்பர் டக்குன்னு விழும். எங்கயாவது கரண்டு கசிஞ்சா தானா நிறுத்துமே, அந்த சுவிட்சு. ஒரு நேரம் அவ மிஷின்ல விழும், ஒரு நேரம் என் மிஷின்ல விழும். அத்தான் என்னைப் பாத்து, "உன் மிஷின்ல கோளாறு"ங்குறார். நான் விடுவேனா, "உங்க மிஷின்லதான் முதல்ல விழுந்துச்சு"ன்னேன். எங்க வீட்டு ஆளு வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்குது. அண்ணன் இருக்கிற இடத்துல அதுக்கு வாய் கிடையாது.

கடைசியில மோட்டாருக்குக் காயில் கட்டுற சபியுல்லாவைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அவரு அப்ப பத்து ஊருக்கு ஓடிக்கிட்டிருந்தாரு, நிக்க நேரமில்ல. ரெண்டு மிஷினையும் திறந்து பாத்துட்டுச் சிரிச்சாரு. "கோளாறு ஒண்ணும் இல்லைங்க, ரெண்டும் நல்லா இருக்கிறதுதான் கோளாறு"ன்னாரு.

அவரு சொன்னது இதுதான். கரண்டு ஒரு கம்பியில போயி இன்னொரு கம்பியில திரும்புதாம். திரும்புற கம்பிக்குப் பேரு நியூட்ரல். மிஷினுக்கு உள்ள ஒரு பச்சை வயர் துண்டு அந்த நியூட்ரலையும் மிஷினோட இரும்பு உடம்பையும் சேர்த்து வச்சிருக்கு, உடம்புலேருந்து எர்த்து மண்ணுக்குப் போவுது. மிஷின் தனியா ஓடுறப்ப அது இருக்கத்தான் வேணுமாம். ரெண்டையும் சேர்த்துட்டா, திரும்பி வர கரண்டுக்கு ரெண்டு பச்சை வயராலயும் இன்னொரு வழி கிடைச்சிடுது. பாதி நியூட்ரல்ல வருது, பாதி எர்த்தைச் சுத்திக்கிட்டு வருது. கணக்கு உதைக்குதேன்னு டிரிப்பர் விழுந்துடுது.

"ஏதாவது ஒரு மிஷின்ல அந்தப் பச்சை வயரைக் கழட்டிடணும். ஒரே நட்டுதான். ஆனா ஒண்ணுலதான். இன்னொண்ணுல கண்டிப்பா இருக்கணும். ரெண்டுலயும் இல்லாமப் போச்சுன்னா, நெசமாவே எங்கயாவது கசிஞ்சாலும் டிரிப்பருக்குத் தெரியாது"ன்னாரு.

அத்தான் யோசிக்கவே இல்லைங்க. மூச்சு விடுற நேரம்கூட எடுத்துக்கல. "சின்னவன் மிஷின்ல கழட்டு"ன்னார்.

நீங்களே சொல்லுங்க. ரெண்டும் ஒரே மிஷின். எதுல கழட்டுனா என்ன? ஆனா எடுத்த எடுப்புல சின்னவன் மிஷின். வீடு பிரிச்சப்ப மேற்கால வெயில் அடிக்கிற பாதி யாருக்கு? சின்னவனுக்கு. பந்தல்ல முதல் தாலி யாருக்கு? அவளுக்கு. எனக்குக் கட்டுறப்ப மேளக்காரனுக்கே கை ஓஞ்சு போச்சு. அத்தனைக்கும் நான் ஏதாச்சும் கேட்டிருக்கேனா? நான் எதையும் கேக்குறவ இல்ல. அன்னைக்குத்தான் கேட்டேன். "ஏன், பெரிய மிஷின்ல கழட்டுனா ஓடாதா?"ன்னேன்.

"பெரிய மிஷினா, ரெண்டும் ஒண்ணுதாம்மா"ன்னாரு சபியுல்லா.

"ஒண்ணுதானே, அப்ப அதுல கழட்டுங்க"ன்னேன்.

அத்தானுக்கு முகம் கறுத்துப் போச்சு. "என்ன பேச்சு பேசுறா பாருடா"ன்னு தம்பியைப் பாத்துச் சொன்னார். என் ஆளு தரையைப் பாக்குது. அக்கா கொல்லைவாசப்படியில நின்னுக்கிட்டு, "போவட்டும் விடுங்க, எதுல கழட்டுனா என்ன"ங்குறா. எதுல கழட்டுனா என்னன்னு சொல்றவ, எங்களுதுல கழட்டுங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? சொல்லல. எல்லாரும் இருக்கிறப்ப சொல்ல மாட்டா.

சபியுல்லாவுக்கு ஃபோன் மேல ஃபோன். "நீங்க பேசி முடிவு பண்ணிக்கிட்டு யாராச்சும் ஒருத்தர் கழட்டிடுங்க"ன்னுட்டு வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அவரு நின்னு கழட்டியிருந்தா இன்னைக்கு நான் ஏன் இந்த பெஞ்சுல உக்காந்திருக்கப் போறேன்? வேலையைப் பாதியில விட்டுட்டுப் போனவரு அவரு. ஆனா அவரை யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

பேசி முடிவு பண்ணச் சொன்னாருல்ல, எங்க வீட்டுல பேசுறதுன்னா என்னன்னு அவருக்குத் தெரியாது. யாரும் பேசல. மிஷின் அது பாட்டுக்கு நின்னுச்சு. நான் கோயில் குளத்துலேருந்து குடம் குடமாத் தூக்குனேன். முதுகு விட்டுப் போச்சு. காலையில எந்திரிச்சு வந்து பாத்தா என் வாசல்ல ரெண்டு குடம் நிறைஞ்சு இருக்கும். அவ வேலை. அவளும் அந்தக் குளத்துலேருந்துதான் தூக்குறா, எனக்கும் சேர்த்துத் தூக்கி வச்சிட்டுப் போறா. நான் அதைத் தொடல. மாட்டுக்கு ஊத்திட்டேன். அவ பாக்குற மாதிரியேதான் ஊத்துனேன். மறுநாளும் வச்சிருந்தா.

இப்படியே இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சு. ஒரு நாள் காலையில அத்தான் கொல்லையில நின்னு, "அடைக்கலம், மிஷினைப் போடுறா"ன்னாரு. என் ஆளு எதுத்துப் பேசாமப் போயிக் கயித்தை இழுக்குது. அந்தப் பக்கம் அக்கா அவ மிஷினைக் கிளப்புறா. மோட்டார் கிளம்புச்சு. விழப்போவுது விழப்போவுதுன்னு பாக்குறேன், விழல. தண்ணி கொட்டுது. தொட்டி நிறையுது.

எனக்கு மனசு கேக்கல. அத்தான் நகர்ந்ததும் மெல்லப் போயி அவ மிஷினை எட்டிப் பாத்தேன். தொடல, பாத்தேன் அவ்வளவுதான். பக்கத்து மூடி சரியா மூடாமக் கிடந்துச்சு. உள்ள பச்சை வயர் இல்ல. என் கண்ணால பாத்தேன். அவ மிஷின்லதான் கழட்டியிருக்காங்க. அப்ப எர்த்து யாரு மிஷின்ல நிக்குது? என் மிஷின்ல.

அன்னைக்கு நான் சாப்பிட்ட சாப்பாடு இருக்கே, கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படிச் சாப்பிட்டதில்ல. என் மிஷினைத் திறந்து பாக்கணும்னு எனக்குத் தோணல. எதுக்குத் தோணணும்? ஒண்ணுல இல்லைன்னா இன்னொண்ணுல இருக்கத்தானே செய்யும். உங்களுக்குத் தோணியிருக்குமா? சும்மா தலையாட்டாதீங்க, உங்களுக்கும் தோணியிருக்காது.

தெருவே எங்க கொல்லைக்குக் குடத்தோட வந்துச்சு. வரவங்ககிட்ட எல்லாம் சொன்னேன், அக்கா மிஷின்ல எர்த்து இல்லை, என் மிஷின் எர்த்துலதான் ரெண்டும் ஓடுதுன்னு. அவளுகளுக்கு என்ன புரிஞ்சுச்சோ, தண்ணி வந்தாச் சரின்னு போனாளுக. அக்கா காதுலயும் விழுந்துச்சு. அவ சிரிச்சா. எனக்கு அப்ப என்ன தோணுச்சுன்னா, தோத்துட்டு மறைக்கிறதுக்காகச் சிரிக்கிறான்னு தோணுச்சு.

பெட்டியிலேருந்து மோட்டாருக்குப் போற வயரு தரையில கிடந்தா மாடு மிதிக்கும்னு, துணி காயப்போடுற கொடிக்கம்பி மேலயே கயித்தால கட்டி விட்டிருந்தாங்க. கம்பின்னா இரும்புக் கம்பி. காத்துல ஆடி ஆடி வயரு கம்பியில உரசியிருக்கு. அது நியூட்ரல் பக்கமாம், அதைத் தொட்டா ஒண்ணும் ஆகாதுன்னுதான் எல்லாரும் நினைப்போம். இன்னொரு பக்கம், போர் குழாய்க்குள்ள போற வயர்ல ஒட்டுப் போட்ட இடம் நனைஞ்சு, கரண்டு வர கம்பி மண்ணுல கசிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. அது கசிய ஆரம்பிச்ச அன்னைக்கே டிரிப்பர் விழுந்திருக்கணும். விழுந்திருந்தா என்ன ஏதுன்னு பாத்திருப்போம். விழல. மண்ணுல ஒரு கம்பி, கொடியில ஒரு கம்பி. நடுவுல யாராச்சும் வந்து ஈரக்கையோட புடிக்க வேண்டியதுதான் பாக்கி.

புடிச்சது அக்கா. என்னத்தைக் காயப்போட வந்தா தெரியுமா? என் போர்வையை. என் போர்வையைத் துவைக்கச் சொல்லி அவளை யாரு கேட்டா? கொல்லையில ஊற வச்சிருந்தேன், நானே துவைப்பேன்ல. அதுக்குள்ள எடுத்துத் துவைச்சுப் புழிஞ்சு கொண்டாந்து, கொடிக்கம்பியைப் புடிச்சு இழுத்துப் போடுறா. போட்டவ அப்படியே நின்னுட்டா.

கத்துவாங்கன்னு நினைக்கிறீங்க. கத்தல. சத்தமே வரல. கம்பியைப் புடிச்ச கை விடல, உடம்பு மட்டும் நடுங்குது, கண்ணு என்னையே பாக்குது. விடுக்கா, கையை விடுக்கான்னு கத்துறேன். விட முடியலைங்க. கரண்டு புடிச்சா விடாது. அவ்வளவு பக்கத்துல நிக்கிறா, நான் தொட்டா நானும் போயிடுவேன். ஓடினேன். என் மிஷினை நிறுத்தினேன். ஓடிப்போயி முதல் வேலையா என் மிஷினைத்தான் நிறுத்தினேன், அதுல யாரும் குறை சொல்ல முடியாது.

திரும்பிப் பாக்குறேன், அவ இன்னும் நடுங்குறா. அவ மிஷின் ஓடுதுல்ல. முக்கிக்கிட்டு, புகையைக் கக்கிக்கிட்டு ஒத்தையா ஓடுது. சேர்த்துப் போட்ட மிஷின்ல ஒண்ணை நிறுத்துனா மட்டும் போதாது, அது அப்ப எனக்கு எங்க தெரியும்.

இல்ல, தெரியும். சத்தம் கேக்குதே, ஓடுதுன்னு தெரியும். ஆனா அது அவ மிஷின். நான் அதுல கை வச்சதே இல்ல. சுவிட்சு எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியல.

என்ன கேட்டீங்க? ரெண்டும் ஒரே மிஷின்தானேன்னா?

ஆமா. ஒரே மிஷின்தான்.

கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க. போதும், போதும்.

குடத்தோட உள்ள வந்த செவந்தி, அடுத்த தெருக்காரி, குடத்தைக் கீழ போட்டுட்டு ஓடிப்போயி அந்த மிஷினை நிறுத்துனா. எழுதப் படிக்கத் தெரியாதவ, அதுக்கு முந்தி மிஷினைத் தொட்டே பாக்காதவ. போனா, நிறுத்துனா. அக்கா தொப்புன்னு விழுந்தா. வலது கையில விரலெல்லாம் வெந்து போச்சு. உசுரு இருந்துச்சு. வேன்ல தூக்கிப் போட்டுக்கிட்டு இங்க வந்தோம். மூணு விரலை எடுக்கணும்னு டாக்டர் சொல்றாராம், அத்தான் யாருகிட்டயோ சொல்லிக்கிட்டு இருந்தார். என்கிட்ட சொல்லல. என்கிட்ட அவரு பேசுறதில்ல.

சபியுல்லாவைக் கூட்டிக்கிட்டு வந்து காட்டுனாங்க. அவரு ரெண்டு மிஷினையும் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. "ரெண்டுலயும் இல்லையே. ஒண்ணுலதானே கழட்டச் சொன்னேன், டிரிப்பருக்குச் சேதி சொல்ற வழியே அதுதான்"னாரு.

என் ஆளு சட்டைப் பையிலேருந்து பச்சை வயரை எடுத்து நீட்டுச்சு. அண்ணன் தோப்புக்குக் கூப்பிட்டுச் சொன்னாராம், "பொம்பளை பேச்சைக் கேட்டுக்கிட்டு வீட்டைத் தண்ணியில்லாமப் போடாதடா, ராவோட ராவா கழட்டிடு, அவளுக்குச் சொல்லாத"ன்னு. கழட்டிட்டுப் பேசாம இருந்திருக்கு. ஏன்யா எங்கிட்ட சொல்லலைன்னு கேட்டேன். "உன்கிட்ட எப்படிச் சொல்றது"ங்குது. நான் என்ன பூதமா? இந்தக் காலத்துல புருஷனைக் கேள்வி கேக்காத பொண்டாட்டி நான் ஒருத்திதான்.

சரி, அது கோழை, விடுங்க. இவளுக்கு என்ன? அவ மிஷின்லேருந்து கழட்டுன வயரு அவ அடுப்படி ஜன்னல்ல கிடந்துச்சு. அத்தானுக்கே தெரியாது. அவரு தூங்குனப்புறம் ஸ்பேனரை எடுத்துக்கிட்டுப் போயி இவளே கழட்டியிருக்கா. எனக்காகவாம். சின்னவ ஆசைப்படுறா, அவ மிஷின்லயே எர்த்து இருந்துட்டுப் போவட்டும்னு இங்க ஆஸ்பத்திரிக்கு வந்தப்புறம்தான் அத்தான்கிட்ட சொன்னாளாம். நான் கேட்டேனா? விட்டுக் குடுன்னு நான் கேட்டேனா? விட்டுக் குடுக்குறவ வந்து சொல்லிட்டு விட்டுக் குடுக்க வேண்டியதுதானே? தமயந்தி, உனக்காகக் கழட்டிட்டேன்டின்னு ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா நான் என் மிஷினைத் திறந்து பாத்திருப்பேன். பெருமைக்காச்சும் திறந்து பாத்திருப்பேன்ல. அந்த ஒரு வார்த்தையைக் கஞ்சத்தனமா உள்ள வச்சிக்கிட்டா. அதைத்தான் நான் கேக்குறேன், இத்தனை வருஷமா அதைத்தான் கேக்குறேன்.

அவளைத் திட்டவும் முடியல பாருங்க. கையைத் தூக்கிக் கட்டிக்கிட்டுக் கிடக்குறவளை என்னன்னு திட்டுறது? வீட்டுக்குப் போகலாம்னா, சுவருக்கு அந்தப் பக்கம் அவ இல்லாத வீடு. போயிக் கதவைத் திறந்தேன், ஒரு சத்தமும் இல்ல, திரும்பி பஸ் ஏறி வந்துட்டேன். அப்பா வீட்டுக்குப் போகலாம்னா, எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு அவரு முன்னாடி நிக்குறது? ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்னு பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்த மனுஷன். உள்ள போகலாம்னா இந்தக் கதவு. அதான் இங்கயே உக்காந்திருக்கேன்.

இன்னைக்குக் காலையில போலீஸ்காரர் ஒருத்தர் வந்தாருல்ல, நீங்க டீ வாங்கப் போயிருந்தீங்க. கரண்டு அடிச்சதுன்னா எப்படின்னு கேட்டு எழுதிக்கிட்டுப் போகணுமாம். சரிதான், இன்னைக்கு எல்லாம் வெளிய வந்துரும்னு நெனைச்சேன். இந்தக் கதவுக்குப் பக்கத்துலயே நின்னேன். யாரு கழட்டச் சொன்னது, யாரு கழட்டுனது, யாரு எந்த மிஷினை நிறுத்துனது, யாரு நிறுத்தாம நின்னதுன்னு கேப்பாரு, அவ சொல்லுவா, சொல்லட்டும்னு நின்னேன். சத்தியமாச் சொல்றேன், சொல்லட்டும்னுதான் இருந்துச்சு. சொல்லிட்டான்னா நானும் உள்ள போயி, ஆமாடி நின்னேன்தான், இப்ப என்னங்குறேன்னு ஒரு சண்டையைப் போட்டுட்டு அவ பக்கத்துல உக்காந்துருவேன்.

அவரு கேட்டாரு, "ரெண்டு மிஷின்லயும் வயரைக் கழட்டுனது யாரும்மா?"

"நான்தாங்க. ரெண்டுலயும் நான்தான் கழட்டுனேன். விவரம் தெரியாமப் பண்ணிட்டேன், என் தங்கச்சிதான் ஓடிப்போயி மிஷினை நிறுத்திக் காப்பாத்துனா"ன்னா.

எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. இனி நான் போயி இல்லைன்னு சொன்னா அவ பொய் சொன்னவளா ஆயிடுவா. சொல்லாம இருந்தா ஊரு பூரா என்னைக் காப்பாத்துனவங்கும். தப்பைக்கூட எனக்குன்னு விட்டு வைக்கல பாருங்க, அதையும் அவளே எடுத்து வச்சுக்கிட்டா.

உங்க மாமியாருக்குக் கஞ்சி ஆறிடப் போவுது, எந்திரிங்க. உள்ள போறப்ப அப்படியே மூணாவது கட்டிலை ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்களேன். முழிச்சிருந்தா ஒண்ணும் கேக்க வேணாம், நான் இங்க இருக்கேன்னும் சொல்ல வேணாம். அசந்து தூங்குறான்னா மட்டும் வந்து சொல்லுங்க. போயி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டு வரேன்.